பிக்கப்பின் பொக்கமும் சுகிர்தபாயின் பிணக்கமும்

கொல்லயில் கிராமம்,
செவ்வாய்க்கிழமை, மழை சற்று விட்ட நேரம்

பீருமேட்டுக் குளிருக்கும் கர்த்தருடைய கிருபைக்கும் நடுவே நலமாக வாழும் மூத்த அத்தான் ராஜதாஸ் அவர்களின் சமுகத்துக்கு, உங்கள் தங்கை சுகிர்தபாயின் கணவன் கனகதாஸ் மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் கோழிகளும் சுகம். உங்கள் சுகத்துக்காகவும் அக்காவின் சர்க்கரை குறைவதற்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். இடையில் ஒன்றிரண்டு நாள் விட்டுப்போனதை ஆண்டவர் கணக்கில் எடுக்கமாட்டார் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்க என்னத்துக்கு இந்தக் கடிதம் என்று நீங்கள் நினைப்பீர்கள். உங்களிடம் போனில் பேசினால் நீங்கள் அதை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுகிறீர்கள். நான் சொல்வதில் பாதியை அங்கே இருக்கிற சுகிர்தா கேட்டுவிட்டு, சொல்லாத மீதிக்கும் பதில் சொல்கிறாள். போன தடவை நான் 'ஹலோ அத்தான்' என்று வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து, "வண்டிய எறக்கியாச்சா எண்ணு கேளுங்க அண்ணா" என்று குரல் வந்தது. ரேஞ்ச் இல்லை என்று சொல்லிக் கட் செய்தேன். ரேஞ்ச் இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். சுகிர்தாவை நீங்கள் திருப்பி அனுப்பவேண்டும். அவ்வளவுதான் கடிதம். ஆனால் அவள் திருவனந்தபுரம் போய்க் குமுளி பஸ் ஏறி உங்கள் வீட்டு நடையில் வந்து இறங்கின நாள் முதல் அவள் பக்கத்து நியாயத்தை மட்டுமே நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்பதால், என் பக்கத்தையும் ஆதியோடந்தமாக எழுதுகிறேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசிக்கவும்.

நான் தண்ணீர் சப்ளையில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். சர்வீஸ் முழுக்க, ஒரே இடத்தில் நின்று சுற்றுகிற ஒரு மோட்டாருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அது சுற்றியது, நான் சுற்றவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் பிடித்தது அத்தான், ஒரு வெப்ராளம்! இருந்தால் எழும்பணும், எழும்பினால் எங்காவது போகணும், போனால் உடனே திரும்பணும். முற்றத்து மாமரத்தில் ஒரு கொப்பு வெட்ட ஏறினவன் அது கரண்டுக் கம்பம் போல ஆகும்வரை வெட்டினேன். ஓடிக்கொண்டிருந்த மிக்சியில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று கழற்றினேன். அதற்குப் பிறகு சத்தமே கேட்கவில்லை. கடைசியில் சுகிர்தா இரண்டு கையையும் கூப்பி, "ஜோஸ்னாக்க அப்பா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், அந்த வண்டிய எடுத்துக்கிட்டு எங்கயாவது போயிட்டு வாருங்க" என்றாள். போனேன். முதல் தவறு யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

வண்டி என்றால் நம்முடைய அந்த டபுள் கேபின் பிக்கப்தான். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் வாழைக்குலையோ மரச்சீனிக் கிழங்கோ ரப்பர் ஷீட்டோ ஏற்றலாம், நாலு சக்கரமும் இழுக்கும். சந்தை நாளில் பனச்சமூட்டுக்குக் குலை, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு நாங்கள், மற்ற நாளில் ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு அடியந்திரம் என்று ஒரு நாள் ஓயாத வண்டி. அதை எடுத்துக்கொண்டு வெள்ளறடைக்கு அப்புறம் மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டத்துப் பாதையில் சும்மா போனேன். சும்மா போன வண்டி சேற்றில் வயிறு தட்டிச் சும்மா நின்றுவிட்டது. கயிறு போட்டு இழுத்தவன் சஜி. பனச்சமூட்டில் ரோட்டைக் கடந்து தமிழ்நாட்டுப் பக்கம் போனால் முதல் ஒர்க்‌ஷாப் அவனுடையது. நல்ல பையன், மரியாதை உள்ளவன், என் குடும்பத்தைப் பிரித்தவன். வண்டிக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, எஞ்சினுக்கு ஒரு குற்றமும் இல்ல. வண்டிக்கப் பொக்கம் போராது. நாலு வெரலு பொக்கினாப் போதும், பின்ன இது எந்த மலையும் கேறும்" என்றான்.

நாலு விரல் உயரம்தானே என்று தலையாட்டினேன். பழைய பிளேட் செட்டைக் கழற்றினான். பிளேட் செட் என்றால் அச்சுக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்து கிடக்குமே, அந்த இரும்புப் பட்டைகள். வண்டியின் பாரம் முழுவதும் அதன் தலையில்தான். அதற்குப் பதில் கூடுதல் வளைவும் கனமும் உள்ள புதுச் செட் போட்டான். வண்டி உயர்ந்ததும் பழைய ஷாக் அப்சார்பருக்கு நீளம் எட்டவில்லை, நீளமானது போட்டோம். உயர்ந்த வண்டிக்குக் கீழே டயர் சின்னதாகத் தெரிந்தது. பெரிய டயர் போட்டோம். பெரிய டயர் திருப்பத்தில் மட்கார்டில் உரசியது, மட்கார்டை வெட்டினோம். பிறகும் உரசியது, இன்னும் இரண்டு விரல் உயர்த்தினோம். உயர்த்தியதும் டயர் மறுபடி சின்னதாகத் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் சஜி கையைத் துடைத்துக்கொண்டு, "இதோட முடிஞ்சுது மாமா" என்பான். நானும் அதை ஒவ்வொரு தடவையும் சுகிர்தாவிடம் சொன்னேன்.

ஆனால் அத்தான், பொய் சொல்லக்கூடாது, அந்தச் சுகம் ஒரு சுகமாக்கும்! ஞாயிறு மத்தியானம் சஜியும் அவன் கூட்டுக்காரர்களும் கல் வெட்டிக் கைவிட்ட பாறைமடைப் பாதையில் வண்டிகளை ஏற்றுவார்கள். நானும் பின்னாலே போவேன். ஒரு முன்சக்கரம் பாறைமேல் ஏறி நிற்கும், எதிர்ப்பக்கத்துப் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கும், வண்டி முறுகும், பட்டைகள் ஒன்றோடொன்று வழுகி நெளியும், ஆனால் நாலு டயரும் மண்ணை விடாது. அந்த நேரத்தில் மட்டும் எனக்கு வேறெங்கும் போகவேண்டும் என்று தோன்றாது. வெப்ராளம் அப்படியே அடங்கிப்போகும். பையன்மார் எல்லாரும், "மாமா கேறிட்டாரு!" என்று கூவுவார்கள். பம்ப் ஹவுசில் என்னை யாரும் கூவினதில்லை.

கேடு வந்தது மலையில் அல்ல, டார் ரோட்டில். கல்லையும் குழியையும் கண்டால் பட்டுப்போலப் போகிற வண்டி, வெறும் வண்டியாக நல்ல ரோட்டில் போனால் குதிக்கும். பனச்சமூட்டில் பால் வாங்கி வைத்தால் வீடு வரும்போது மோர். முட்டையைப் பற்றி எழுதவில்லை. குலை ஏற்றுகிறவர்கள், "சாறே, இது வண்டியா மச்சுப்படியா?" என்று கேட்டுவிட்டு அடுத்தவன் வண்டிக்குப் போய்விட்டார்கள். எதிர்வீட்டு மாடியில் இருக்கிற சரோஜம், விளக்கு வைக்கிற நேரத்தில் நான் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் ஹெட்லைட் வெளிச்சம் அவர்கள் டி.வி.யில் அடிக்கிறது என்றும், சீரியலில் யார் அழுகிறார்கள் என்றே தெரியவில்லை என்றும் மதிலுக்கு அப்பால் நின்று மலையாளத்தில் கொஞ்சமும் தமிழில் மீதியுமாகச் சொன்னார்கள். எல்லாரும்தான் அழுகிறார்கள், அதில் யாரென்று தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நான் சொன்னது வினையாயிற்று. இப்போது அந்த வீட்டிலிருந்து கறிவேப்பிலை வருவதில்லை.

சுகிர்தாவின் கதைக்கு வருகிறேன். அவளுக்குக் கால்முட்டு சரியில்லை என்பது நீங்கள் அறிந்ததே. முதல் ஞாயிறு ஆலயத்துக்குப் புறப்பட்டு நல்ல பட்டுச்சேலை உடுத்தி வந்தவள், வண்டிக் கதவைத் திறந்து மேலே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் உடனே உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் எடுத்துவந்து போட்டேன். ஆலயத்தில் இறங்கவும் அதே ஸ்டூல் வேண்டும் என்பதால் கயிறு கட்டிப் பின்னால் தொங்கவிட்டேன். இது என் புத்திசாலித்தனம் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆலய வளாகத்தில் சபை முழுதும் பார்த்து நிற்க, ஒரு கையில் வேதாகமமும் பாட்டுப் புத்தகமும், மறு கையில் சேலைக் கொசுவமுமாக அவள் ஸ்டூலில் கால் வைக்க, ஸ்டூல் ஆட, சபையிலுள்ள ஆனந்தபாய் சத்தமாக, "சுகிர்தா, பைய எறங்கு. அடுத்த ஞாயிறாழ்ச்ச ஏணி கொண்டு வாறியா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு சொன்னாள். "அறுப்பின் பண்டிகை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வண்டி பழைய பொக்கத்துக்கு வரணும். இல்லேண்ணா நான் எனக்க அண்ணன்வீட்டுக்குப் போவேன். நீங்களும் ஒங்க வண்டியுமா மலை கேறுங்க." சத்தியம் செய்தேன் அத்தான், உண்மையாகவே செய்தேன். பண்டிகை முடிந்து மறுநாள் சஜியிடம் போய் மாற்றிவிடுவது என்று பழைய பிளேட் செட்டுகளையெல்லாம் சாக்கில் கட்டிச் சனிக்கிழமையே வண்டியின் பின்னால் ஏற்றி வைத்தேன். இதிலிருந்தே என் மனது சுத்தம் என்பது தெளிவாகும். அதன் மேலேதான் மறுநாள் காலையில் ஆலயத்துக்குப் படைக்க வேண்டிய ஏத்தன் வாழைக்குலையும் மரச்சீனியும் தேங்காயும் ஏற்றினேன். என் கெட்ட நேரமும் அதோடு ஏறியது.

பண்டிகைக்கு வருகிற வண்டிகளிலிருந்து வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் காணிக்கையை இறக்கி உள்ளே கொண்டு வைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அன்று அவர்களுக்கு நல்ல உற்சாகம். 'இதை எடு, அதை விடு' என்று சொல்ல நான் அங்கே இருந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சபைச் செயலாளர், "கனகதாஸ் சாறே, இதுக்க அடியில என்னதான் செய்திருக்கிய?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் என் முட்டு தானாக மடங்கிவிடும். அவரையும் குனியவைத்து, வண்டிக்கடியில் பட்டை பட்டையாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே வண்டி இலேசாகி எழும்புவதைக்கூடக் கண்ணால் பார்த்தேன். "பாத்தியளா, பாரம் எறங்கினா எப்படி நிமிருது!" என்று அவருக்குக் காட்டவும் செய்தேன்.

உள்ளே போய் உட்கார்ந்தால், பலிபீடத்துக்கு முன்னால் கரும்புக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் என் சாக்குகள்! போதகர் கை நீட்டி எல்லாவற்றையும் சேர்த்து ஜெபித்து ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டார். ஒப்புக்கொடுத்ததைத் திருப்பி எடுக்க முடியுமா? ஆராதனை முடிந்து நடக்கும் காணிக்கை ஏலத்தில்தான் எடுக்கவேண்டும். சரி, எடுத்துவிடலாம், யாருக்கு வேண்டும் பழைய இரும்பு என்று தைரியமாக இருந்தேன். வெளியே பந்தலில் ஏலக்காரர், "அடுத்தாப்பில நம்ம கனகதாஸ் சாறுக்க வக நாலு சாக்கு. உள்ள என்ன வெளைஞ்சிருக்குண்ணு தெரியல்ல, தூக்கின பிள்ளையளுக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. கேளுங்க, கேளுங்க!" என்றார். நான் கேட்டேன். தான் படைத்ததைத் தானே ஏலத்தில் கேட்பது பக்தியின் உச்சம் அல்லவா? உடனே என்னைக் கௌரவிக்க ஒருவர் ஏற்றிக் கேட்டார். அவரைக் கௌரவிக்க இன்னொருவர். அப்போதுதான் கொல்லன் கிருஷ்ணன்குட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சாக்கின் வாயைத் திறந்து பார்த்தான். அவன் அம்பலத்துக்குச் சாமி கும்பிடப் போகிறவன்தான், ஆனாலும் நம் ஏலம் ஒன்றையும் விடமாட்டான். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததுமே என் பாதி உயிர் போயிற்று. ஏலமும் அவனுக்கே போயிற்று.

பெண்கள் பக்கமிருந்து சுகிர்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கைவிரலால் ஜாடை காட்டி, இது நானல்ல, பிள்ளைகள் தெரியாமல் இறக்கினது என்று சொல்ல முயன்றேன். கைவிரலால் அவ்வளவு சொல்ல முடியாது. வீட்டில் வந்து கையைக் கழுவக்கூட விடவில்லை.

"மாத்துவேன் எண்ணு சத்தியம் பண்ணினிய. மாத்தாம இருக்கதுக்கு வழி தேடி, அந்த இரும்பக் கொண்டுபோய்க் கடவுளுக்க காலடியில வச்சிட்டிய. இனி நான் கேட்டா, கர்த்தருக்குக் குடுத்ததத் திருப்பிக் கேக்கலாமா எண்ணு என்னயக் குற்றம் சொல்லுவிய. நான் என்ன ஒண்ணும் தெரியாதவளா?"

அத்தான், அவ்வளவு பெரிய தந்திரம் செய்யும் மூளை எனக்கு இருந்திருந்தால் நான் பம்ப் ஆபரேட்டராகவா ஓய்வு பெற்றிருப்பேன்? இதையே அவளிடமும் சொன்னேன். அவள் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் நான் ஓடினது கிருஷ்ணன்குட்டியின் கொல்லன் பட்டறைக்கு. "ஐயோ சாறே, கொறச்சு முன்ன வரப்பிடாதா? சொல்லித் தீராத எஃகாக்கும்! ராத்திரியே நெருப்பில வச்சாச்சு" என்று வரிசையாகக் காட்டினான். வெட்டுக்கத்தி, அரிவாள், தேங்காய் வெட்டுகிற கத்தி. சந்தோஷத்தில் எனக்கும் ஒன்று இனாமாகத் தந்தான். என் வண்டியின் முதுகெலும்பு இன்றைக்குக் கொல்லயில் ஊர் முழுவதும் வீடு வீடாகப் பலாச்சக்கை வெட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் மட்டும் சக்கை வெட்டித் தர ஆளில்லை.

இனி நல்ல செய்தி. நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் சொல்லிவைத்து, கம்பெனி அளவிலேயே பழைய பொக்கத்துக்குரிய புதுப் பிளேட் செட் வரவழைத்துவிட்டேன். வராந்தாவில் சாத்தி வைத்திருக்கிறேன். வந்துவிட்டதே, ஏன் இன்னும் மாட்டவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் கண்முன்னால் மாட்டினால்தானே அவளுக்கு விசுவாசம் வரும்? அதற்காகத்தான். வேறு காரணம் ஒன்றும் இல்லை. இந்த வயதில் மலையேறி எனக்கு என்ன கிடைக்கப்போகிறது? சஜியிடமும், இனி ஞாயிறுகளில் என்னை எதிர்பார்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடிப்போனது. நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன் அத்தான், அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு திருப்புறம் ஊர் வரை போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். வீட்டில் உட்கார்ந்தால் வண்டியில் போகவேண்டும் போலிருக்கிறது, வண்டியில் ஏறினால் வீட்டுக்கு வரவேண்டும் போலிருக்கிறது, வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி என் பையிலேயே இருக்கிறது. நேற்று ஒரு மீன் கறி வைத்தேன். கோழிகள்கூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டன. அவள் திட்டினாலும் பரவாயில்லை, இங்கே வந்து திட்டச் சொல்லுங்கள். எனக்குக் கேட்க நாணமாக இருக்கிறது. நீங்கள் மூத்தவர், சொன்னால் கேட்பாள். வண்டியைத் தரையோடு தரையாக இறக்கிவிடுகிறேன். ஆமைபோல ஊர்ந்து ஆலயத்துக்குப் போவோம்.

உங்களுக்கும் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும், உங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்கும், காட்டுப்பன்றி அதில் இறங்காமலும், கர்த்தர் வேலியாக நின்று காத்துக்கொள்வாராக. சுகிர்தாவுக்கு என் அன்பைச் சொல்லவும். நேராகச் சொன்னால் கோபப்படுவாள். பேச்சோடு பேச்சாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அடங்கி ஒடுங்கிய மைத்துனன்,
கனகதாஸ்

பின்குறிப்பு: ஒட்டின கவரைக் கிழித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் மகள் ஜோஸ்னா போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். உங்கள் மூத்த மகன் எடுத்ததாம். மூடுபனி, பாறைப்பாதை, ஒரு திறந்த ஜீப். முன்சீட்டில் யார் என்று பார்த்தால் சுகிர்தா! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையை வெளியே நீட்டி, டிரைவரிடம், "பேடிக்கண்டா மோனே, கேறட்டே, இனியும் கேறட்டே!" என்று, பயப்படாமல் இன்னும் ஏற்றச் சொல்லி மலையாளத்தில் கூவுகிறாள். பின்சீட்டில் நீங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபிப்பதும் தெரிகிறது அத்தான். அவள் சிரிக்கிறாள். கல்யாணமாகி வந்த புதிதில் சிரித்த சிரிப்பு அது. நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்த ஜீப் நம் வண்டியைவிட உயரம். எப்படி ஏறினாள்? யாரோ ஒரு கை கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஜீப்பின் பட்டைகள் கரகரவென்று கத்துவது வீடியோவிலேயே கேட்கிறது. அதில் போய்க் குலுங்குகிறாளே! நம் வண்டியானால் அந்தப் பாறையில் தொட்டில் போலப் போகும்.

உடனே ஜோஸ்னாவைப் போனில் விளித்து, "அம்மைக்கு மலைப்பாதை எண்ணா இவ்வளவு இஷ்டமா?" என்று கேட்டேன். "அப்பா, எப்பமும் இஷ்டம்தான். நீங்க ஒரு நாளாவது அவங்கள விளிச்சியளா?" என்றாள். விளிக்கவில்லை அத்தான். ஊரிலுள்ளவன் எல்லாரையும் வண்டிக்கடியில் விளித்துக் காட்டினேன். அவளை வண்டியில் ஏறு, போவோம் என்று விளிக்க எனக்குத் தோன்றவே இல்லை. பொக்கத்தின் மேல் கோபம் என்று நினைத்து இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன்.

ஆகவே மேலே உள்ளதெல்லாம் ரத்து. வண்டியை இறக்கமாட்டேன். வராந்தாவில் இருக்கும் செட்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கிறேன். அவளையும் அனுப்பவேண்டாம். நாளைக் காலையில் நான் வண்டியோடு அங்கே புறப்படுகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் கையிலேயே கொண்டுவந்து தருவேன், எழுதினது வீணாகக்கூடாது. நான் முற்றத்தில் நிற்கும்போது சத்தமாக வாசித்துவிடாதீர்கள். என் சார்பில் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவும் வேண்டாம். வாறியா என்று நானே விளிக்கிறேன்.